காலையில் கிளம்ப மறுக்கும் வேன்: பெட்டரியா, ஒல்டர்னேட்டரா?

தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பாடசாலைச் சேவைக்கு டீசல் வேன் ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழு மாதங்களுக்கு முன் வாங்கிய புதிய பெட்டரி இந்தத் தை மாதத்தில் இரண்டு தடவை காலையில் கைவிட்டுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசை மட்டும் வருகிறது. கடையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றினால் மூன்று நான்கு நாள் ஓடுகிறது, பிறகு அதே நிலைமை. இரவில் ஹெட் லைட்டைப் போட்டால் சிவப்புச் சார்ஜ் லைட் மங்கலாகத் தெரிகிறது. ஒரு கராஜில் பெட்டரியை மாற்றச் சொல்கிறார்கள், இன்னொரு கராஜில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பெட்டரியை நிரப்பும் ஒல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள், அப்பாவோ இறக்கத்தில் நிறுத்தி உருட்டிக் கிளப்பச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஹட்டனில் இருபத்தைந்து வருடங்களாக வாகன வயரிங் வேலை செய்கிறேன். பழுது வேறொரு இடத்தில் இருக்க, பெட்டரிக்குக் காசைக் கொட்டியவர்களை ஒவ்வொரு குளிர் காலத்திலும் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பழுது பெட்டரியில் தொடங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் என் ஊகத்தை நம்பியும் நீங்கள் செலவு செய்யக்கூடாது என்பதால், நீங்களே அளந்து பார்க்கும் வழியைச் சொல்கிறேன். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். அதன் விலை, உங்கள் வேனுக்குப் போடும் பெட்டரியின் விலையில் மிகச் சிறிய பங்குதான்.

தோட்டத்துப் பீலியை நினைத்துப் பாருங்கள். பீலியிலிருந்து வரும் தண்ணீர் தொட்டியில் நிரம்புகிறது, தொட்டியிலிருந்து நாம் மொண்டு எடுக்கிறோம். காலையில் தொட்டி காலியாக இருந்தால், தொட்டி வெடித்திருக்கலாம், பீலியில் தண்ணீர் குறைந்திருக்கலாம், அல்லது இரவில் எங்கோ ஒரு சிறு துளை வழியாக ஒழுகியிருக்கலாம். பெட்டரி தொட்டி, ஒல்டர்னேட்டர் பீலி. பீலி வற்றிவிட்டதென்றால் தொட்டியை மாற்றிக் கட்டிப் பயனில்லை. உங்கள் ஏழு மாதப் பெட்டரிக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கக்கூடும்.

முதல் அளவை அதிகாலையில் எடுக்க வேண்டும். வேனை இரவில் நிறுத்தி ஆறு ஏழு மணி நேரமாவது ஆன பிறகு, சாவியைத் தொடாமல், கதவைத் திறந்து உள் விளக்கை எரியவிடாமல், மீட்டரின் சிவப்பு முனையைப் பெட்டரியின் பிளஸ் மீதும் கறுப்பு முனையை மைனஸ் மீதும் வையுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் பெட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு, 11.9க்குக் கீழே போனால் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அரை வோல்ட் வித்தியாசம்தானே என்று பலர் அலட்சியமாக இருக்கிறார்கள், அந்த அரை வோல்ட்டுக்குள்தான் பாதிப் பெட்டரிக்கும் மேல் அடங்கியிருக்கிறது. நன்றாகச் சார்ஜ் ஏற்றி ஒரு நாள் வைத்த பிறகும் 10.5 வோல்ட் அளவில் நின்றால், உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். ஒரு செல் 2.1 வோல்ட் தருவது, ஒன்று போனால் மிஞ்சுவது அவ்வளவுதான். அப்படி வந்தால் மேலே படிக்கத் தேவையில்லை, உத்தரவாத அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இங்கே குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை, மாசி மாத விடியல்களில் புல் மேல் பனி உறைவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 25 பாகை செல்சியஸில் 100 பங்கு சக்தி தரும் ஈய அமிலப் பெட்டரி, பூச்சியப் பாகையை நெருங்கும்போது ஏறத்தாழ 80 பங்குதான் தரும். அதே நேரத்தில் எஞ்சின் ஒயில் தடித்துப் போவதால் ஸ்டார்ட்டர் மோட்டர் கூடுதலான மின்னோட்டத்தைக் கேட்கிறது. டீசல் வேனுக்கு ஹீட்டர் பிளக்குகளைச் சூடாக்கும் செலவும் உண்டு. ஆனால் பெட்டரியைக் கொல்வது குளிர் அன்று, வெப்பம். கொழும்பிலும் திருகோணமலையிலும் கொளுத்தும் வெயிலில் எஞ்சினுக்குப் பக்கத்தில் வெந்து கிடக்கும் பெட்டரி, நம் ஊர்ப் பெட்டரியைவிட விரைவாகவே தேய்கிறது. அங்கே தேய்ந்த பெட்டரி அங்கே வெளியில் தெரியாது, ஏனெனில் சூட்டில் எஞ்சின் எளிதாகச் சுற்றிவிடும். ரம்பொடை மலைப்பாதையில் ஏறி மேலே வந்த முதல் இரவில்தான் தெரியும். அதனால்தான் பண்டிகை விடுமுறைக்கு வந்த உறவினரின் கார் மறுநாள் காலையில் நம் வாசலில் நின்றுவிடுகிறது. உங்கள் வேன் எப்போதும் மலையிலேயே ஓடுவதால், ஏழே மாதத்தில் பெட்டரி தானாகத் தேய்ந்திருக்க வாய்ப்புக் குறைவு.

இரண்டாவது அளவுக்கு இன்னொருவர் உதவி வேண்டும். மீட்டரைப் பெட்டரியிலேயே வைத்துக்கொண்டு, அவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும்போது வோல்ட் 9.6க்குக் கீழே சரிந்தால், பெட்டரி நிறையவில்லை அல்லது வலுவிழந்துவிட்டது. எது என்று அறிய, முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி இதே சோதனையைச் செய்ய வேண்டும். நிறைந்த பெட்டரியும் சரிந்தால் குற்றம் பெட்டரியுடையதே. மாறாக, 'டக்' என்று மட்டும் கேட்கும் நேரத்தில் வோல்ட் 12க்குப் பக்கத்திலேயே அசையாமல் நின்றால், பெட்டரியில் சக்தி இருக்கிறது, அது ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அப்போது பெட்டரியின் முனைகளான டேர்மினல்களையும், மின்சாரம் பெட்டரியின் மைனஸுக்குத் திரும்பி வரும் எர்த் வயரையும், ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்சான சொலனொய்டுக்குள் இருக்கும் செப்புத் தொடுகைகளையும் பார்க்க வேண்டும்.

எர்த் வயர் என்று சொன்னேன். வேலை தொடங்கிய காலத்தில் நான் செய்த ஒரு தவறு இன்றும் என்னை உறுத்துகிறது. மஸ்கெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றும் ஒரு வாகனம் வந்தது. காலையில் கிளம்புவதில்லை என்றார்கள். நான் பெட்டரியை மாற்றினேன், பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றி, அதன் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் காபன் துண்டுகளை மாற்றினேன், இரண்டுக்கும் காசு வாங்கினேன். மூன்றாவது தடவை அவர் வந்தபோது, கிளட்ச் கேபிளின் உறை உருகியிருப்பதாகவும் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஞ்சினையும் வண்டியின் உடற்கூட்டையும் இணைக்கும் பின்னல் எர்த் வயர், வருடக் கணக்கான மழையில் பச்சை பூத்து உள்ளே அற்றுப் போயிருந்தது. ஸ்டார்ட்டருக்குத் தேவையான நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் திரும்பி வர வேறு பாதை இல்லாமல் அந்த மெல்லிய கிளட்ச் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சுட்டிருக்கிறது. ஒரு சாண் நீள வயர். அதை நான் அளந்து பார்க்காததால், அந்த மனிதர் தேவையற்ற இரண்டு செலவுகளைச் செய்தார்.

நம் பிரதேசத்தில் மழையும் மூடுபனியும் ஓயாததால், இந்த எர்த் பழுதைக் கீழ்நாட்டு வயரிங் பாஸ்மாரைவிட நாங்கள் அதிகம் பார்க்கிறோம். கண்ணால் பார்த்தால் வயர் முழுதாகத்தான் இருக்கும், மீட்டர்தான் உண்மையைச் சொல்லும். சிவப்பு முனையை எஞ்சினின் வெறும் இரும்பில், பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தி, கறுப்பு முனையைப் பெட்டரியின் மைனஸ் கம்பத்தில் வைத்து, ஸ்டார்ட்டர் அடிக்கும்போது பாருங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட் காட்டினால், அந்த ஒரு வோல்ட் வழியில் சூடாகி வீணாகிறது. டேர்மினல்களில் வெள்ளை அல்லது பச்சைப் பூ படிந்திருந்தால், முதலில் மைனஸைக் கழற்றி, பிறகு பிளஸைக் கழற்றி, சுடுநீரில் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, இறுக்கிப் பூட்டிய பின் மேலே கிறீஸ் பூசுங்கள். கிறீஸைப் பூட்டும் முன் உள்ளே அப்புவது தொடுகையைக் கெடுக்கும்.

மூன்றாவது அளவுதான் உங்கள் வேனுக்கு முக்கியமானது. எஞ்சினைக் கிளப்பி, நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று வரை உயர்த்தி, பெட்டரியில் அளந்து பாருங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் நல்லது. பிறகு ஹெட் லைட், வைப்பர், புளோவர் எல்லாவற்றையும் போடுங்கள். அப்போதும் 13.5க்குக் குறையக்கூடாது. 13க்குக் கீழே இறங்கினால் ஒல்டர்னேட்டர் பெட்டரியை நிரப்பவில்லை, வண்டி பெட்டரியைக் குடித்துக்கொண்டு ஓடுகிறது. 15ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பெட்டரி கொதித்து, தண்ணீர் வற்றி, அழுகிய முட்டை வாசம் வரும்.

ஹெட் லைட் போடும்போது சார்ஜ் லைட் மங்கலாக எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பெல்ட் அறுந்தாலோ காபன் முற்றாகத் தேய்ந்தாலோ அந்த லைட் பளிச்சென்று எரியும், அல்லது சாவியைத் திருப்பும்போது எரியவே எரியாது. மங்கலாக, சுமை கூடும்போது மட்டும் தெரிவது, பெரும்பாலும் ஒல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோட்களில் ஒன்று பழுதானதன் அடையாளம், அல்லது ஒல்டர்னேட்டரிலிருந்து பெட்டரிக்கு வரும் தடித்த வயரின் இணைப்பு எரிந்து தளர்ந்திருப்பதன் அடையாளம். ஒல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுதிசை மின்சாரம். அதை ஒரு திசைப்படுத்துபவை டயோட்கள். ஒன்று போனாலும் மற்றவை வேலை செய்வதால், பகலில் சுமையில்லாமல் அளக்கும் கராஜ்காரருக்கு 13.8 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும். இரவில், மூடுபனியில், எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு லயத்துச் சந்தியிலும் நின்று பிள்ளைகளை ஏற்றும்போதுதான் குறை வெளிப்படும்.

இதை உறுதிப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. மீட்டரை மாறுதிசை வோல்ட் அளவுக்குத் திருப்பி, எஞ்சின் ஓடும்போது பெட்டரியில் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோட் பழுது. மற்றதற்கு மீட்டரே வேண்டாம். பழுதாகி இரு திசையிலும் மின்சாரத்தை விடும் டயோட் ஒன்று உள்ளே இருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் பெட்டரியின் மின்சாரம் அதன் வழியாக ஒல்டர்னேட்டருக்குள் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே விடிகாலையில், எஞ்சின் பனிபோல் குளிர்ந்திருக்கும்போது, ஒல்டர்னேட்டரின் முதுகில் கையை வைத்துப் பாருங்கள். மற்ற இரும்பெல்லாம் சில்லிட்டிருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், பழுது இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அப்படியானால் முழு ஒல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டியதில்லை, டயோட் தட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கும் வேலைக்காரர்கள் நம் நகரங்களில் இருக்கிறார்கள்.

அதே நேரத்தில் பெல்ட்டையும் பாருங்கள். ஈரக் காலையில் கிளப்பியதும் 'கீச்' என்று கத்தினால், பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது பளபளவென்று தேய்ந்திருக்கிறது. பல பழைய டீசல் வேன்களில் ஒல்டர்னேட்டரின் பின்பக்கத்தில், பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பும் பொருத்தப்பட்டிருக்கும். அந்தப் பம்பின் சீல் கசிந்தால் எஞ்சின் ஒயில் ஒல்டர்னேட்டருக்குள் இறங்கிக் காபன்களையும் சுருள்களையும் பாழாக்கும். ஆகவே ஒல்டர்னேட்டரைக் கழற்றும்போது உள்ளே ஒயில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் சீலை மாற்றாமல் காபனை மட்டும் மாற்றுவது வீண். இன்னும் முக்கியமாக, அந்த வகை வேனில் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமன்றி, பிரேக்கின் உதவியும் போய்விடும். இறக்கத்தில் பிள்ளைகளோடு போகும்போது சார்ஜ் லைட் திடீரென்று பளிச்சென்று எரிந்தால், வீடு போய்ச் சேரலாம் என்று எண்ணாமல், கியரைக் குறைத்து உடனே ஓரமாக நிறுத்துங்கள்.

அப்பா சொன்ன யோசனைக்கு வருகிறேன். இறக்கத்தில் நிறுத்தி உருட்டிக் கிளப்புவது நம் தோட்டத்துச் சாரதிகள் எல்லோரும் செய்து பழகியதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் எஞ்சின் ஓடாத வேனில் பிரேக் பூஸ்டர் ஒன்றிரண்டு மிதிக்கே தாங்கும், பிறகு மிதி கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். பெட்டரி முற்றாகச் செத்திருந்தால், பல டீசல் பம்புகளில் எரிபொருளைத் திறந்துவிடும் சொலனொய்ட் மின்சாரம் இல்லாமல் திறக்காது, ஆகவே எவ்வளவு உருட்டினாலும் எஞ்சின் பிடிக்காது. பிடிக்கும் பிடிக்கும் என்று கடைசி வளைவு வரை போனவர்கள் உண்டு. பிள்ளைகள் ஏறும் வேனில் இந்த முறை வேண்டாம் என்பதை அப்பாவிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். இன்னொரு வண்டியின் நல்ல பெட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கிளப்ப உதவும் ஜம்பர் வயர் ஒன்றை வண்டியில் வைத்திருங்கள். சிவப்பைச் செத்த பெட்டரியின் பிளஸிலும் பிறகு நல்ல பெட்டரியின் பிளஸிலும் மாட்டி, கறுப்பை நல்ல பெட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை உங்கள் எஞ்சினின் இரும்பில், பெட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். பெட்டரியிலிருந்து வெளியேறும் ஐதரசன் வாயு ஒரு சிறு பொறியிலும் வெடிக்கக்கூடியது.

கராஜ்களில் இன்னமும் நடக்கும் ஒரு சோதனையை நீங்கள் யாரையும் செய்ய விடக்கூடாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டரி டேர்மினலைக் கழற்றி, எஞ்சின் நின்றால் ஒல்டர்னேட்டர் பழுது, ஓடினால் நல்லது என்று சொல்வார்கள். பெட்டரி ஒரு தாங்கு மெத்தை போல இருந்து வோல்ட் பாய்ச்சலை அடக்குகிறது. அதை அகற்றிய கணத்தில் வோல்ட் பல மடங்கு எகிறி, டயோட்களையும் ரெகுலேட்டரையும், புதிய வாகனமானால் விலை கூடிய எஞ்சின் கணினியையும் எரித்துவிடும். நல்ல ஒல்டர்னேட்டரைப் பழுதாக்கிவிட்டு, பழுதென்று கண்டுபிடித்ததாகச் சொல்வது இதனால்தான் நடக்கிறது.

இரவு ஒழுக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று அளவுகளும் சரியாக இருந்தும் காலையில் பெட்டரி இறங்கியிருந்தால், மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 அம்பியர் துவாரத்துக்கு மாற்றி, கம்பத்துக்கும் வயருக்கும் இடையில் தொடராக இணைத்து, அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் அடிக்கக் கூடாது. 50 மில்லி அம்பியருக்குள் இருப்பது இயல்பு. அரை அம்பியர் ஓடினால், 70 அம்பியர் மணி கொண்ட பெட்டரி மூன்று நாளில் பாதியாகிவிடும். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எதில் அளவு விழுகிறதோ அங்கே பழுது. நம் வேன்களில் அது பெரும்பாலும் பிறகு போட்ட பாட்டு செட், அலாரம், அலங்கார லைட் ஆகியவற்றின் வயரிங்காகவே இருக்கும். ஒல்டர்னேட்டரின் தடித்த வயர் இந்தச் சிறு பியூஸ்கள் வழியாகப் போவதில்லை என்பதால், எந்தப் பியூஸைக் கழற்றியும் அளவு விழாவிட்டால் மறுபடி டயோட்டையே சந்தேகியுங்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இந்த மூன்றாவது அளவை அப்படியே தங்கள் காருக்குப் பொருத்தக்கூடாது. பல ஹைபிரிட்களில் ஒல்டர்னேட்டரே கிடையாது, பெரிய பெட்டரியிலிருந்து, வோல்ட்டைக் குறைத்துத் தரும் கருவி ஒன்றின் மூலம் 12 வோல்ட் பெட்டரி நிரம்புகிறது. அவற்றுக்குக் குறிப்பிட்ட வகைப் பெட்டரிதான் போட வேண்டும், அவற்றிலிருந்து பிறருக்கு ஜம்ப் கொடுக்கவும் கூடாது.

பழுதைத் திருத்திய பிறகு, இறங்கிப் போன பெட்டரியை வேனின் ஒல்டர்னேட்டரே நிரப்பிக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு தடவை ஸ்டார்ட் அடிப்பதற்குச் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு, அது சில நிமிட ஓட்டத்தில் மீண்டுவிடும். பாதி இறங்கிய பெட்டரிக்கோ பல மணி நேரம் வேண்டும், காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் நின்று நின்று ஓடும் பாடசாலைச் சேவையில் அது கிடைக்காது. பாதி இறங்கிய நிலையிலேயே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேற்று இறுகிப் பெட்டரி நிரந்தரமாகச் சுருங்கும். 2022இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் வாரக் கணக்கில் நின்றபோது எத்தனை நல்ல பெட்டரிகள் இப்படிப் போயின என்பதை நாங்கள் கராஜில் கண்டோம். ஆகவே 70 அம்பியர் மணிப் பெட்டரிக்கு 7 அம்பியர் அளவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். லயத்து அறைக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றவும் வேண்டாம், காற்றோட்டமான வெளித் திண்ணையில் வையுங்கள். மூடி திறக்கும் வகையானால் தகடுகள் மூழ்கும் அளவுக்கு வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள், பீலித் தண்ணீரோ புதிய அமிலமோ ஊற்றக்கூடாது.

நாளைக் காலை முதலில் ஒல்டர்னேட்டரின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், பிறகு மூன்று அளவுகளையும் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். பெட்டரிக் கடைக்கோ கராஜுக்கோ போகும்போது அந்தத் தாளைக் கொண்டு போங்கள். டயோட் மாற்றிச் சார்ஜ் ஏற்றிய பிறகும் காலையில் 12.4க்குக் கீழேயே நின்றால், இந்தப் பெட்டரிக்கும் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அதைக் கடையில் சோதிக்கக் கொடுங்கள்.